மூன்றாவது எழுத்து



ஏறக்குறைய பத்து மாதமாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. "சார், நலமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டேன். இன்று முழுதாகச் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். என் பாடம் என்றைக்கு மணி அடிப்பதற்குள் முடிந்திருக்கிறது? பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நாம் ஆடிய ஒரு விளையாட்டு நினைவிருக்கிறதா? பாடம் ஓடாத மழைநாள் மதியங்களில் ஆடுவோம். ஒருவர் 1 முதல் 1000 வரை ஏதாவது ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை' மட்டும்தான். தெரியாதவர்கள் "ஏழா சார்? நூற்றெட்டா சார்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தோற்பார்கள். விவரமானவர்கள் "500க்கு மேலா?" என்று தொடங்கிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வருவார்கள். பத்தே கேள்வியில் எண் அகப்பட்டுவிடும். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. அதில் ஆயிரம் அடங்கிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்போது கிளாட் ஷானன் என்ற அமெரிக்கரின் பெயரையும் சொல்லியிருப்பேன். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1948இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் தகவலை அளப்பதற்கு ஒரு வழி சொன்னார். அரிசிக்குப் படி, துணிக்கு முழம் மாதிரி, தகவலுக்கு 'பிட்'. பூவா தலையா என்று சுண்டிப் போட்டு, விழுந்தது எது என்று ஒருவர் நமக்குச் சொன்னால் அது ஒரு பிட். ஒரு 'ஆம்' அல்லது ஒரு 'இல்லை', இரண்டுக்கும் சம வாய்ப்பு இருக்கும்போது. அந்தச் சொல்லை ஜான் டூக்கி என்பவர் யோசனை சொன்னதாக ஷானனே எழுதியிருக்கிறார்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவர் சொன்னால் அதில் தகவல் இல்லை. "இன்று சூரியன் கிழக்கே உதித்தது" என்று சொன்னால் பூஜ்யம் பிட். எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு தகவல். கரும்பலகையில் இதை எழுதி எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அது எனக்கே புரிந்தது போன ஜூன் மாதத்தில்தான்.

உங்களில் பலருக்கு அவள் 'அம்மா'. டியூஷனுக்கு வந்த நாட்களில் மோர் கொடுத்தவள். உறவுகளுக்கு அத்தை, பெரியம்மா, சித்தி. ஜூன் தொடக்கத்தில் அவளுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒரு வாரம் கழித்துக் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இரவே மூச்சு திணறி, வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள்.

ஜி.பி.எஸ். என்றார் டாக்டர். கில்லன் பாரே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் பெயரில் வழங்கும் நோய். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சொந்தப் படையே நரம்பின் மேலுறையைக் கிருமி என்று தப்பாக எடுத்துக்கொண்டு தாக்குகிறது. மின்கம்பியின் மேல்தோல் உரிந்துபோன மாதிரி. மூளை "கையைத் தூக்கு" என்று உத்தரவு போடும். அது தசைக்குப் போய்ச் சேராது. ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகாது. டாக்டர் இதை அழுத்திச் சொன்னார்: "அவங்களுக்கு எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. வெளிய சொல்லத்தான் வழியில்ல. அதனால பக்கத்துல நின்னு எதையும் பேசிடாதீங்க."

இம்யூனோகுளோபுலின் மருந்து ஐந்து நாள் ஏற்றினார்கள். மூச்சுக்குழாயில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். கை அசையவில்லை, கால் அசையவில்லை, குரல் இல்லை. கண் இமை மட்டும் அவள் வசம் இருந்தது. ஒரு முறை மூடினால் 'ஆம்', இரண்டு முறை மூடினால் 'இல்லை' என்று பேசி வைத்துக்கொண்டோம். நாற்பத்தோரு வருடம் என்னோடு பேசிப் பேசியே குடும்பம் நடத்தியவள், ஒரு பிட் ஒரு பிட்டாகப் பேச வேண்டிய நிலைக்கு வந்துவிட்டாள்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்து ஓர் அட்டையில் நெடுங்கணக்கு முழுவதையும் கட்டம் போட்டு எழுதினேன். தமிழில் 247 எழுத்து. இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. ஆகவே தத்துவப்படி எட்டுக் கேள்வியில் எந்த எழுத்தையும் பிடித்துவிடலாம். கணினியில் எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அந்த ஒரே பைட்டுக்குள் நம் எழுத்து அத்தனைக்கும் இடம் இருக்கிறது. அன்றைக்கு அட்டையைப் பார்த்துக்கொண்டு இதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நடைமுறைக்கு வேறு மாதிரி வைத்தேன். பதினெட்டு மெய்க்கும் ஒவ்வொரு வரிசை, தனி உயிருக்கு ஒரு வரிசை, ஆக 19. குறுக்கே பன்னிரண்டு உயிர், புள்ளி ஒன்று, ஆக 13. வரிசையைப் பிடிக்க அதிகபட்சம் ஐந்து கேள்வி, குறுக்கே பிடிக்க நான்கு. ஒன்பது கேள்வியில் ஓர் எழுத்து. ஆய்தத்தை விட்டுவிட்டேன். ஐ.சி.யூ.வில் அதற்கு என்ன வேலை?

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்தான் உள்ளே விடுவார்கள். அவளும் சீக்கிரம் களைத்துவிடுவாள். முதல் நாள் மாலை முதல் எழுத்து வந்தது: 'ப'. இரண்டாவது எழுத்து: 'ய'. அதற்குள் அவள் கண் சொருக ஆரம்பித்துவிட்டது.

ப, ய. எனக்கு அடி வயிறு கலங்கிவிட்டது. "பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன். இரண்டு முறை கண்ணை மூடினாள். இல்லை என்கிறாள். எனக்கா தெரியாது இவளை? பிரசவ அறைக்குள் போகும்போதுகூட 'பயம் இல்லை' என்றவளாயிற்றே. "எனக்குத் தெரியும், நீ என்னைத் தைரியப்படுத்தத்தான் இப்படிச் சொல்ற. பயப்படாதே, டாக்டர் நம்பிக்கையாத்தான் சொல்றார்" என்று மீதி நிமிடங்களை ஆறுதல் சொல்லியே கழித்தேன்.

மறுநாள் காலை மறுபடி 'ப'. மறுபடி 'ய'. மறுபடியும் நான் தலையைத் தடவிக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். மறுபடி இரண்டு முறை மூடினாள். மூன்றாவது நாளும் இதேதான். அன்று அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. பயத்தில் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டு நானும் வெளியே வந்து அழுதேன்.

நான்காம் நாள் காலை இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ் ஒருத்தி என்னை வராந்தாவில் நிறுத்தினாள். நம் பள்ளியில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். கையில் ஒரு மருந்துச் சீட்டு. அதன் பின்பக்கம் எழுதியிருந்தாள்.

"சார், ராத்திரி அம்மா முழிச்சிக்கிட்டே இருந்தாங்க. உங்க அட்டைய வச்சிக் கேட்டேன். 'பயறு டப்பா'ன்னு வந்துது. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா திருப்பிப் படிச்சுக் காட்டினேன், ஆமான்னுட்டாங்க. அப்படியே எழுதியிருக்கேன்."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அடுக்களைப் பரணில் இருந்த பச்சைப்பயறு டப்பாவை இறக்கி, கையை விட்டுத் துழாவினேன். அடியில் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட பணம். 14,000 ரூபாய். கூடவே அவள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பெயர், அவருடைய மகளின் கல்லூரிப் பெயர், '18க்குள் கட்ட வேண்டும்' என்ற குறிப்பு.

காலண்டரைப் பார்த்தேன். 19.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த அம்மாவின் கணவர் குடிப்பவர். வீட்டில் பணம் தங்காது. மாதாமாதம் மிச்சம் பிடித்ததை இவளிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பெண் அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அந்த அம்மா இரண்டு முறை வாசலில் வந்து நின்றார். "அம்மாவுக்கு எப்படி இருக்குங்கய்யா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சம்பளத்துக்கு நிற்கிறார் என்று முடிவு கட்டி, சம்பளப் பணத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உயிருக்குப் போராடும் ஒருத்தியின் வீட்டில் வந்து பணம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அன்று பகல் அந்தத் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கடிதம் எழுதிக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, அபராதத்தோடு கட்டினோம். இடம் போகவில்லை. ஆனால் அதற்கு முந்தின இரவு அந்த வீட்டில் "இனி படிப்பு இல்லை, தையல் கடைக்குப் போ" என்று பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பெண் இரவெல்லாம் அழுத முகத்தோடுதான் என்னுடன் வந்தாள். அந்த ஓர் இரவு என் கணக்கில்தான் வரும்.

மாலையில் ரசீதை இவள் கண் முன்னால் பிடித்தேன். நெடுநேரம் பார்த்தாள். ஒரே ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

அவள் ஒருபோதும் பயப்படவில்லை. பயந்துகொண்டிருந்தது நான். என் பயத்தை எடுத்து அவள் வார்த்தையில் மூன்றாவது எழுத்தாக வைத்துவிட்டேன். அவள் 'இல்லை' என்று தெளிவாகச் சொன்னாள். அந்தப் பிட் எந்தச் சேதாரமும் இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. வந்ததைத்தான் நான் ஏற்கவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

ஊகிப்பதே தப்பா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஊகம் இல்லாமல் பேச்சே நடக்காது. ஷானன் 1951இல் இன்னொரு கட்டுரை எழுதினார். ஒரு புத்தகத்தின் வாக்கியத்தை மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்ன என்று ஆட்களை ஊகிக்கச் சொல்வது. தம் மனைவியிடமும் இதை ஆடிப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஆங்கில எழுத்து 26, இடைவெளி ஒன்று. எந்த ஊகமும் இல்லாவிட்டால் எழுத்துக்குச் சுமார் 4.75 பிட் தேவை. ஆனால் முன்னால் வந்ததைப் படித்துவிட்டு ஊகிக்கும்போது, சுமார் ஒரு பிட் இருந்தாலே போதும் என்று கண்டார். மற்றதெல்லாம் மொழி தெரிந்தவருக்கு ஏற்கெனவே தெரிந்தது.

நம் மொழியிலும் அப்படித்தான். 'வந்தேன்' என்றாலே 'நான்' என்பது அதற்குள் இருக்கிறது. 'நான் வந்தேன்' என்னும்போது ஒரே செய்தியை இரண்டு முறை சொல்கிறோம். இது வீண் இல்லை. இரைச்சலில் ஒன்று காதில் விழாமல் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். உங்கள் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. முன்னால் உள்ள பதினொன்றிலிருந்து கணக்குப் போட்டுக் கிடைப்பது அது. நடுவில் ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். எது மெய், எது உயிர்மெய் என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். செல்லரித்த இடம் வேறு. எதுகை, மோனை, சந்தம் இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் விட்டுப்போன எழுத்தை நிரப்பினார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இப்படிப்பட்ட சுவடிகளைக் கொண்டுதான். ஆனால் அவர் எப்படி வேலை செய்தார்? பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். தமக்குச் சரி என்று பட்டதை எழுதியதோடு நிற்காமல், மற்றச் சுவடிகளில் வேறு விதமாக இருந்ததையும் பிரதிபேதம் என்று குறித்து வைத்தார். தம் ஊகத்தை ஊகமாக வைத்திருந்தார். ஏடு சொல்வதற்கு மேலே தம் ஊகத்தை ஏற்றி வைக்கவில்லை.

நான் அதைத்தான் செய்யத் தவறினேன்.

இன்று நீங்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் போனும் ஊகித்துக்கொண்டேதான் இருக்கிறது. நான் ஒரு நாள் 'பய' என்று தட்டிப் பார்த்தேன். 'பயணம்' என்று காட்டியது. என் பேரன் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் செயற்கை நுண்ணறிவும் அடிப்படையில் இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்ததை ஊகிப்பதுதான் என்கிறான். ஷானன் ஆடிய அதே ஆட்டம், மிகப் பெரிய அளவில். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாற்பத்தோரு வருடப் பழக்கத்தை வைத்துக்கொண்டு நானும் தப்பாகத்தான் ஊகித்தேன். ஒரு வித்தியாசம்: பட்டியலில் இல்லாததை நான் தட்டினால், போன் பேசாமல் விலகிக்கொள்கிறது. நான் அப்படி விலகவில்லை.

தகவல் என்பது எதிர்பாராதது என்று வகுப்பில் சொன்னேன் அல்லவா? அதைத் திருப்பிப் பாருங்கள். ஒருவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நான் முடிவு செய்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் எவ்வளவு பேசினாலும் என்னைப் பொறுத்தவரை பூஜ்யம் பிட்தான். அவரிடம் தகவல் இல்லை என்பது காரணம் இல்லை. நான் இடம் வைக்கவில்லை.

அந்த நர்ஸிடம், "எப்படிம்மா உனக்கு முடிஞ்சுது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு முன்கூட்டி எதுவும் தோணாது சார். அதான் நீங்களே வகுப்புல சொல்வீங்களே. அதனால கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன். டாக்டர் போன்ல மருந்து சொன்னாலும் எழுதித் திருப்பிப் படிச்சுக் காட்டணும்னு எங்களுக்குப் பழக்கம் சார்."

அவள் குத்திக் காட்டவில்லை. வெள்ளையாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த வகுப்பறை நினைவுக்கு வந்துவிட்டது. எழுந்து நின்று "சார், அது வந்து..." என்று அவள் மெல்ல ஆரம்பிப்பாள். நான் "போதும், உட்காரு, உனக்கு வராது" என்பேன். அவள் முடித்திருந்தால் சரியான விடை வந்திருக்குமோ என்னவோ, நான் கேட்டதே இல்லை.

அவள் ஒருத்தி மட்டுமா? முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருப்பேன். கெட்டிக்காரப் பிள்ளைகளிடமும் தவறு செய்திருக்கிறேன்; முதல் வார்த்தையிலேயே "சரி" என்று மீதியை நானே சொல்லிவிடுவேன். இரண்டு பேர் வாயிலும் என் வார்த்தையைத்தான் வைத்தேன். இதைப் படிக்கிறவர்களில் அப்படி உட்கார வைக்கப்பட்டவர்கள் இருந்தால், உங்கள் வாத்தியாரை மன்னித்துவிடுங்கள். அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்ல நினைத்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். கடைசி வரை படிப்பேன்.

ஷானனைப் பற்றி இன்னொன்று. அவர் 2001இல் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு அல்சைமர் நோய். தாம் தொடங்கி வைத்த தகவல் யுகத்தை உலகம் கொண்டாடிய நாட்களில், அதை அறிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. அதைப் படித்தபோது, இவளுக்குக் கம்பிதான் அறுந்தது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது என்பதை எவ்வளவு பெரிய பாக்கியமாக எண்ண வேண்டும் என்று தோன்றியது.

அம்மா இப்போது எப்படி இருக்கிறாள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஏழாவது வாரம் வென்டிலேட்டர் எடுத்தார்கள். பிறகு கழுத்துக் குழாயும் போனது. பிசியோதெரபி தொடர்கிறது. வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறாள். டம்ளரைத் தானே தூக்குகிறாள். குரல் வந்துவிட்டது, ஆனால் மெலிந்த குரல். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சுக்காக நின்று, பிறகு தொடர்கிறாள்.

அதனால் ஒரு வேண்டுகோள். மாலை ஐந்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள். உங்கள் குரல் கேட்டால் சந்தோஷப்படுவாள். ஆனால் அவள் நடுவில் நிற்கும்போது, மீதியை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். போன் கட்டாகிவிட்டது என்று "ஹலோ, ஹலோ" என்றும் கூப்பிடாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். வரும்.

இதை எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். "இவ்வளவு ஏன் நீட்டினீங்க" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணு..." என்றாள். நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பொண்ணு முதல் செமஸ்டர்ல எல்லாப் பேப்பரும் பாஸ். நேத்து வந்து சொல்லிட்டுப் போனா. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்